கொக்குகளுக்கு நடுவில் ஒரு படம்

பேசாலை, மன்னார்
12.01.2025

யே. ம. சூ.

இந்தக் கடிதத்தை உடைத்து வாசிக்கிறவருக்கு,

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. என் தம்பி றெமிஜியஸ் இந்த முகவரியில் இருப்பதாக லூர்துசாமி எழுதித் தந்தார். அவன் இருந்த அறையில் இப்போது இருக்கிறவர் நீங்கள் என்றால், உங்களிடம் ஒன்றுதான் கேட்க வேண்டும். என் தம்பி எப்போது செத்தான்?

பாரிசுக்குப் பக்கத்தில் ஸ்தேனிலிருந்து நத்தார்ப் பண்டிகைக்கு ஊருக்கு வந்த லூர்துசாமி எங்கள் வீட்டுக்கும் வந்தார். பாரிசில் நம் ஆட்களின் கடைகள் உள்ள லாசப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தன் பேத்தியின் பிறந்தநாளைக் கொண்டாடிய படங்களைப் போனில் காட்டினார். எனக்கு அவருடைய பேத்தி தெரியவில்லை, கேக்கும் தெரியவில்லை. பின்னால் சுவரில் என் தம்பி தெரிந்தான். நீள்வட்டச் சட்டம், உள்ளே அவன் முகம், கீழே பெயர், அதற்குக் கீழே 2006 – 2024. இரண்டு பக்கமும் உயரமான இரண்டு வெள்ளை மெழுகுதிரித் தண்டுகள். நான் போனைப் பிடித்துப் பெரிதாக்கிப் பார்ப்பதற்குள் லூர்துசாமி வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டார். அது ஏதோ கூடைப்பந்துக் கழகத்தின் அலங்காரம் என்றார். நான் கேட்ட முகவரியையும் போன் இலக்கத்தையும் எழுதித் தந்துவிட்டு, போட்ட தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிவிட்டார்.

அவன் பிறந்தது 1972. அப்படியென்றால் 2006 ஏன் என்று இரவு முழுக்க யோசித்தேன். அவனுக்குப் பிரான்சில் விசா கிடைத்தது 2006இல்தான். அங்கே அதைத்தான் பிறந்த வருடமாகக் கணக்கு வைக்கிறார்கள் போலிருக்கிறது.

அவனும் நானும் பேசி இருபது வருடமாகிறது. 2005இல் எங்கள் அப்பா இறந்ததை நான் அவனுக்கு ஒரு மாதம் சொல்லாமல் வைத்திருந்தேன். அகதி வழக்கு நடந்துகொண்டிருந்த நேரம். கேட்டால் ஓடி வருவான், வந்தால் திரும்பிப் போக முடியாது. அதற்காக என்னோடு பேச்சை விட்டான். அது எங்கள் இருவருக்கும் இடையில் உள்ள விஷயம், மற்றவர்கள் அதற்குள் வர வேண்டாம்.

லூர்துசாமி தந்த இலக்கத்துக்கு இரண்டு தடவை போன் எடுத்தேன். இரண்டு தடவையும் யாரோ எடுத்தார்கள். மூச்சு மட்டும் கேட்டது, பிறகு வைத்துவிட்டார்கள். ஸ்தேனில் தெரிந்தவர்களுக்கு எடுத்தேன், செவ்ரானில் தெரிந்தவர்களுக்கு எடுத்தேன். எல்லாரும் எழுதி வைத்து வாசிக்கிற மாதிரி ஒரே வசனத்தைச் சொல்கிறார்கள். “அவருக்கென்ன, நல்லா இருக்கிறார், நல்லாச் சாப்பிடுறார்.” அந்த வசனத்தை எனக்கு நன்றாகத் தெரியும்.

என் மகள் அஜந்தாவுக்கு மே 17ஆம் திகதி கல்யாணம் வைத்திருக்கிறோம். மாமன் முறைக்கு அவள் பக்கத்தில் நிற்க வேண்டியவன் என் தம்பி. அவன் இல்லையென்றால் ஒரு வருடத்துக்கு எங்கள் வீட்டில் நல்ல காரியம் நடவாது. எங்கே அடக்கம் செய்தீர்கள், எந்தச் சுவாமி பூசை வைத்தார் என்று மட்டும் எழுதுங்கள். உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இம்மாகுலேற்

---

றூ பஜோல், பாரிஸ்
02.02.2025

உ

அக்கா,

நான் சாகவில்லை. அப்படி அவசரமாக நான் எங்கும் போகவில்லை.

இருபது வருடமாக இருக்கிறேனா இல்லையா என்று ஒரு வரி கேட்காதவர்கள் இப்போது என்னை எங்கே அடக்கினார்கள் என்று விசாரிக்கிறீர்கள். அதுவும் வீட்டில் கல்யாணம் வருகிற வருடம் பார்த்து. மாமன் முறைக்கு ஓர் ஆள் தேவை, நேரே கேட்க மானம் விடவில்லை, அதனால் சாவுக் கதையோடு தொடங்குகிறீர்கள் என்று நான் நினைத்தால் அதில் பிழை இருக்கிறதா? லூர்துசாமி படத்தைத் தவறுதலாகக் காட்டினாரா, காட்டச் சொல்லிக் கேட்டீர்களா என்பதும் எனக்குத் தெரியாது.

அந்தச் சுவர் பற்றிச் சொல்கிறேன். ஒபர்வில்லியேயில் ஒரு தொழில்முறைக் கூடைப்பந்துக் கழகம் இருக்கிறது. பெயர் எறோன். எறோன் என்றால் கொக்கு. 2006இல் இருந்து நான் அங்கேதான் வேலை செய்தேன். ஆட்டம் முடிந்து பசியோடு நின்றவர்களை ஒருநாள் லாசப்பலில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற யசோதாவிடம் கொத்துரொட்டி சாப்பிடக் கூட்டிக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து அது அவர்களுடைய கடையாகிவிட்டது. கழகத்துக்கு எழுபது வயதானபோது ரசிகர் சங்கத்தார் அதன் கதை முழுவதையும் மரத்திலும் தகட்டிலும் செய்து அந்தக் கடைச் சுவரில் பொருத்தினார்கள். அந்தச் சுவரில் உள்ள எல்லாருக்கும் கீழே இரண்டு வருடம் இருக்கிறது. சேர்ந்த வருடம், விலகிய வருடம். அவர்களில் முக்கால்வாசிப் பேர் உயிரோடு இருக்கிறார்கள். யூலியன் என்ற பழைய கப்டன் தன் படத்துக்குக் கீழே இருந்தே மசாலாத் தோசை சாப்பிடுகிறான். நீங்கள் கண்டது மெழுகுதிரித் தண்டும் இல்லை. கொக்கு. கழகத்தின் சின்னம்.

சாவை மறைப்பது பற்றி நீங்கள் எனக்கு எழுதுகிறீர்கள். அப்பா இறந்தது எனக்கு எப்படித் தெரிந்தது என்று எப்போதாவது கேட்டீர்களா? போன் அட்டை வாங்கப் போன கடையின் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. “31ஆம் நாள் நினைவஞ்சலி.” பக்கத்தில் அரிசி மலிவு என்று ஒரு காகிதம். அதற்கு இரண்டு நாளைக்கு முதல் நீங்கள் போனில் சொன்னீர்கள், “அப்பா இப்பதான் சாப்பிட்டிட்டுப் படுத்தவர், எழுப்பேலாது.” யாரை யார் நம்பக்கூடாது என்று நீங்களே சொல்லுங்கள்.

எனக்குப் போன் எடுக்க வேண்டாம். எடுத்தாலும் பேச மாட்டேன்.

றெமிஜியஸ்

---

பேசாலை
21.02.2025

யே. ம. சூ.

தம்பியின் பெயரில் எழுதுகிறவருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நன்றாக எழுதுகிறீர்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்கவில்லை. கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி போட்டிருக்கிறீர்கள்.

எங்கள் வீட்டில் கடைக்குச் சாமான் எழுதிக் கொடுத்தாலும் தலையில் யேசு மரி சூசை என்று மூன்று எழுத்தைப் போட்டுவிட்டுத்தான் எழுதுவோம். அப்பா அப்படிப் பழக்கியவர். என் தம்பி எவ்வளவு கோபத்தில் இருந்தாலும், வேதத்தையே விட்டிருந்தாலும், அந்த இடத்தில் அவன் கை பிள்ளையாரை எழுதாது. எழுத்தும் அவனுடையது இல்லை. அவனுடைய எழுத்து குள்ளமாக ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்கும். உங்களுடையது கல்யாணக் கார்டு மாதிரி இருக்கிறது.

கண்ணாடியில் ஒட்டியிருந்த அஞ்சலியைப் பற்றி எழுதினால் நான் நம்பிவிடுவேன் என்று நினைத்திருப்பீர்கள். அந்தக் கதையை அவன் பாரிஸ் முழுக்கச் சொல்லியிருக்கிறான். இங்கே மீன் வாங்குகிற இடத்தில்கூட என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

சாவை மறைக்கிறவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் மறைத்தவள். செத்தவரைப் பற்றிக் கேட்டால் முதலில் சாப்பிட வைப்போம். சாப்பிட்டார், சாப்பிட்டுவிட்டுப் படுத்தார், இன்றைக்குக் கொஞ்சம் கூடவே சாப்பிட்டார். இல்லாத மனிதருக்கு நாங்கள் ஊட்டுகிற மாதிரி இருக்கிறவர்களுக்குக்கூட ஊட்டுவதில்லை. செவ்ரானில் உள்ள எல்லாரும் என் தம்பிக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தச் சுவரைப் பற்றியும் ஒன்று கேட்கிறேன். கப்டன்மார் படத்தைப் போடுவார்கள், கோப்பை வென்றவன் படத்தைப் போடுவார்கள், சரி. அங்கே என் தம்பி என்ன வேலை செய்தான்? நிலம் துடைத்தான், உடுப்புத் தோய்த்தான் என்றுதான் கேள்விப்பட்டேன். உயிரோடு இருக்கிற வேலைக்காரனின் படத்தை எந்த ஊரில் சுவரில் மாட்டுகிறார்கள்? செத்த பிறகு பாவம் பார்த்துத்தான் மாட்டுவார்கள்.

இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கோயிலில் அந்தோனியார் சொரூபத்தில் றெமி ஒரு சேதம் செய்தான். எது உடைந்தது, எதை வைத்து ஒட்டினோம்? அவன் உயிரோடு இருந்தால் அது அவனுக்கு மறக்காது, ஏனென்றால் அடி வாங்கியது நான்.

இம்மாகுலேற்

---

றூ பஜோல், பாரிஸ்
08.03.2025

+

அக்கா,

அந்தோனியார் கையில் இருக்கிற பாலன் இயேசுவின் சின்னவிரல். பூச்சாடியை இழுத்தபோது பட்டு உடைந்தது. நான் மென்றுகொண்டிருந்த சுவிங்கத்தை வைத்து ஒட்டி, மேலே வெள்ளைச் சோக் பூசினோம். திருநாளன்று வெயிலில் விரல் தொங்கியது. நீங்கள் அடி வாங்கினீர்கள், நான் பார்த்துக்கொண்டு நின்றேன். போதுமா?

இந்தக் கடிதத்தை எழுதுகிறவர் தவரத்தினம் அண்ணை. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். இதே தெருவில் அச்சகம் வைத்திருக்கிறார். கல்யாணக் கார்டு, சாமத்தியவீட்டுப் பதாகை, நினைவஞ்சலி எல்லாம் அவரிடம்தான். எழுத்து கல்யாணக் கார்டு மாதிரி இருக்கிறது என்று நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிள்ளையார் சுழியை அவர் வேண்டுமென்று போடவில்லை, கை தன்பாட்டில் போட்டுவிட்டது. இந்த முறை சிலுவை போட்டிருக்கிறார், அதையாவது குறை சொல்லாமல் விடுங்கள். என் வலது கையை ஓர் ஆணி கிழித்துவிட்டது. காயம் ஆறினால் நானே எழுதுவேன்.

வேலைக்காரன் என்று எழுதினீர்கள். ஓம், வேலைக்காரன்தான். ஆட்டம் நடக்கும்போது விளையாடுகிறவர்களின் வியர்வை தரையில் விழும். விசில் கேட்டதும் ஓடிப்போய்த் துடைத்துவிட்டு ஓடிவர வேண்டும். துடைக்காத இடத்தில் கால் வைத்தால் முழங்கால் போய்விடும், முழங்கால் போனால் அவனுடைய பிழைப்பே போய்விடும். பிறகு உடுப்புகளையும் பந்துகளையும் என் பொறுப்பில் தந்தார்கள். பந்தைத் தோளுயரத்தில் பிடித்து விடுவேன், இடுப்புக்கு எழும்பி வந்தால்தான் காற்றுச் சரி. சங்கத்துச் செயலாளர் பேனாட் அதைப் பார்த்துவிட்டு, காற்று அளக்கிற கருவியை எடுத்து வைக்கலாம், றெமி போதும் என்று எல்லாருக்கும் சொல்வார்.

அந்தச் சுவரை நீங்கள் நேரே பார்க்க வேண்டும். இடது பக்கம் தொடங்கினால் 1954, ரயில்பெட்டி திருத்துகிற ஆட்கள் அரைக்காற்சட்டையோடு நிற்கிறார்கள். அந்த மரப்பலகை பழைய மைதானத்தின் தரையிலிருந்து கழற்றி எடுத்தது, கோடு போட்ட சிவப்பு நிறம் இன்னும் தெரியும். பிறகு 1981, முதல் சம்பியன். பிறகு கீழ்ப்பிரிவுக்கு விழுந்த வருடம், அதையும் விடாமல் கறுப்புப் பலகையில் போட்டிருக்கிறார்கள். அது எனக்குப் பிடித்தது. பிறகு 2016 கோப்பை. வென்ற அன்று கூடையின் வலையை அறுத்து எடுத்து அப்படியே கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். அந்த வலையை அறுக்க யூலியனுக்கு ஏணி பிடித்தது நான். கடைசியில் என்னுடைய தகடு. கையில் பந்தோடு நிற்கிறேன். எல்லாத் தகட்டிலும் கொக்கு இருக்கிறது, எனக்கென்று தனியாக எதுவும் இல்லை.

என் தகட்டுக்குக் கீழே உள்ள மேசையில் நம் ஆட்கள் இருக்க மாட்டார்கள், அது உண்மை. புதிதாக வருகிற சனம் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு வேறு மேசை தேடுகிறது. நான் அதற்குக் கீழே இருந்து தேத்தண்ணி குடிக்கிறேன். எடுத்த படத்தை உள்ளே வைத்திருக்கிறேன். செத்தவன் தன் படத்துக்குக் கீழே நின்று படம் எடுக்க மாட்டான்.

அஜந்தாவின் கல்யாணத்தை நடத்துங்கள். என்னைக் காரணம் சொல்லித் தள்ளிவைக்க வேண்டாம்.

றெமிஜியஸ்

---

பேசாலை
24.03.2025

யே. ம. சூ.

தம்பி,

சுவிங்கக் கதையை ஆசுப்பத்திரியில் கிடந்து தவரத்தினத்தாருக்குச் சொல்லிவிட்டுச் செத்திருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். என்னைக் குற்றம் சொல்லாதே. பொய் சொல்லிப் பழகியவளுக்கு மற்றவர்கள் சொல்வதை நம்புவது கஷ்டம். ஆனால் படத்தைப் பார்த்தேன். நீ இருக்கிறாய். அதற்கு முழந்தாளில் நின்று நன்றி சொன்னேன்.

எழும்பி வந்து மறுபடி படத்தைப் பார்த்தேன். நூல் கோர்க்க வைத்திருக்கிற பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன்.

தகட்டில் நீ பந்தை வலது கையில் வைத்திருக்கிறாய். கீழே நிற்கிற நீ வலது கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்திருக்கிறாய். ஆணி கிழித்த கையை யாரும் பைக்குள் திணிக்க மாட்டார்கள், நோகும். தேத்தண்ணிக் கோப்பை இடது கையில். சட்டையின் மேல் பொத்தான்களில் ஒன்று மாறிப் பூட்டியிருக்கிறது. நான் முப்பது வருடம் சட்டை தைத்தவள். தானே பூட்டுகிறவனுக்கு மேலே பிழை வந்தால் கழுத்தில் இழுக்கும், உடனே திருத்துவான். உனக்கு யாரோ எதிரே நின்று மேலிருந்து பூட்டியிருக்கிறார்கள். நீ சிரிக்கவும் இல்லை. படம் என்றால் முப்பத்திரண்டு பல்லையும் காட்டுகிறவன், வாயின் ஒரு பக்கத்தை இறுக்கி வைத்திருக்கிறாய். மற்றப் பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

சுவரையும் பார்த்தேன். உன்னுடைய படத்தில் பக்கத்துத் தகடுகளும் நன்றாகத் தெரிகின்றன. யூலியனின் தகட்டில் ஒரு கொக்கு மேலே பறக்கிறது. அதற்குப் பக்கத்தில் உள்ளவனுக்கும் அப்படித்தான், சதுரச் சட்டம், பறக்கிற ஒரு கொக்கு. உனக்கு மட்டும் நீள்வட்டம். உனக்கு மட்டும் இரண்டு கொக்கு, இரண்டு பக்கமும் காவலுக்கு நிற்கிற மாதிரி. எனக்கென்று தனியாக எதுவும் இல்லை என்று ஏன் எழுதினாய்?

போனை எடுத்து மூச்சு விட்டது நீதான் என்றும் இப்போது நினைக்கிறேன். பேச மாட்டேன் என்று எழுதினாய். பேச முடியவில்லை என்பதைத்தான் அப்படி எழுதினாயா?

நல்லாச் சாப்பிடுறார் என்று அத்தனை பேரும் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, நான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. யார் ஊட்டுகிறார்கள்?

நான் உனக்கு ஒரு மாதம் மறைத்தேன். நீ எனக்கு எவ்வளவு காலமாக மறைக்கிறாய்? நான் செய்ததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன், இன்றைக்கும் அதைத்தான் செய்வேன். சொல்லியிருந்தால் வந்திருப்பாய். வந்திருந்தால் வழக்குப் போயிருக்கும், அடுத்த வருடம் தொடங்கிய சண்டை உன்னையும் கொண்டுபோயிருக்கும். அந்தச் சுவரில் உனக்கு இடம் இருந்திருக்காது, எங்கள் வீட்டுச் சுவரில்தான் இருந்திருக்கும்.

உயிர்த்த ஞாயிறு முடிந்து ஏப்ரல் 27ஆம் திகதி கோயிலில் அஜந்தாவின் கல்யாணத்தை முதல் தடவையாக அறிவிப்பார்கள். அதற்கு முன் உன்னுடைய சொந்தக் கையால் எழுதிய ஒரு வரி எனக்கு வர வேண்டும். எந்தக் கை என்றாலும் சரி. வராவிட்டால் அறிவிக்க வேண்டாம் என்று சுவாமியிடம் சொல்லிவிட்டு, கல்யாணத்தைத் தள்ளிவைத்து, விசாவுக்குக் கொழும்புக்குப் போவேன். இதைத் தவரத்தினத்தாரும் வாசிப்பார் என்று தெரியும். அவரும் சாட்சி.

அக்கா

---

பாரிஸ்
ஏப்ரல்

யே ம சூ

அக்கா

இது என் இடது கை. வரி கோணல். ஒரு நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். உயிர்த்த ஞாயிறுக்கு ஊருக்கு வருகிற ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

ஒக்டோபரில் மைதானத்தில் விழுந்தேன். ஆட்டம் நடக்கும்போது துடைக்க ஓடினேன், வலது கால் என்னோடு வரவில்லை. பாரிசவாதம். வலது கை இல்லை. நாக்கும் சரியில்லை. கால் பாதி திரும்பி வந்தது.

போன் எடுத்தது நான்தான். உங்கள் குரல் கேட்டது. நான் அக்கா என்றேன். வெளியே வந்தது அது இல்லை. அதனால் வைத்தேன்.

யசோதாவுக்கும் தவரத்தினம் அண்ணைக்கும் மட்டும் என் பேச்சு விளங்கும். நான் ஒரு சொல் சொல்ல அவர் நாலு சொல் எழுதினார். முதல் கடிதத்தில் இருந்த கோபம் பாதி என்னுடையது. பாதி அவருடையது. அவருக்கும் ஊரில் ஓர் அக்கா இருக்கிறா.

தகடு பற்றி நீங்கள் கேட்டது சரி. நான் நினைவில்லாமல் கிடந்தபோது டொக்டர் நாள் சொல்லிவிட்டார். தவரத்தினம் அண்ணை முன்கூட்டியே என்னுடைய மரண அறிவித்தலைச் செய்து வைத்தார். நீள்வட்டம், இரண்டு மெழுகுதிரி, 1972 – 2024. நான் எழும்பிவிட்டேன். அதே கிழமை பேனாட் வந்து சுவரில் றெமியும் இருக்க வேண்டும் என்று கேட்டார். அண்ணை செய்ததை வீணாக்கவில்லை. மெழுகுதிரியை எடுத்துவிட்டுக் கொக்கை வைத்தார். 72ஐ 2006 ஆக்கினார். 2024 அப்படியே இருந்தது. பிரெஞ்சுக்காரர் எல்லாரும் அதுதான் சுவரிலேயே வடிவான தகடு என்கிறார்கள்.

நீங்கள் பிழையாகப் பார்க்கவில்லை. அது சாவு அறிவித்தல்தான். நான்தான் சொன்னபடி போகவில்லை.

சொல்ல வேண்டாம் என்று எல்லாரிடமும் கேட்டது நான். சொன்னால் கல்யாணத்தைப் போட்டுவிட்டு வருவீர்கள். அப்படி யோசித்துக்கொண்டு இருந்தபோதுதான் அப்பா விஷயத்தில் நீங்கள் யோசித்ததும் விளங்கியது. கோபம் போகவில்லை. விளங்கியது.

ஊட்டுவது யசோதா. கடைக்குப் பின்னால் குசினிக்குள். இடது கையால் சாப்பிட வெட்கம், ஊட்டுவதையும் நம் சனம் பார்க்க வேண்டாம் என்று அங்கே இருப்பேன். முன்னால் வந்து தேத்தண்ணி மட்டும்.

அறிவிக்கச் சொல்லுங்கள்.

றெமி

---

பேசாலை
27.04.2025

யே. ம. சூ.

தம்பி,

இன்று அறிவித்தார்கள். “ஆட்சேபனை உள்ளவர்கள் தெரிவிக்கவும்” என்று சுவாமி வாசித்தபோது அஜந்தா திரும்பி என்னைத்தான் பார்த்தாள். நான் கைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். உன் கடிதம் அதற்குள் இருந்தது. அந்த எழுத்தைப் பார்க்க முதலாம் வகுப்பில் நீ எழுதியது மாதிரி இருக்கிறது, ஆனால் குள்ளமாக, இடித்துக்கொண்டு. அது நீதான். இனி எனக்குச் சந்தேகம் இல்லை.

தவரத்தினத்தார் மீது கோபப்பட முடியவில்லை. நானும் அப்பா இழுத்துக்கொண்டு கிடந்தபோதே துக்கத்துக்கு உடுக்கிற வெள்ளைச்சேலையைத் தோய்த்துக் காயப்போட்டவள். அவருடைய அக்காவுக்கு ஒரு கடிதம் போடச் சொல்லு, பிள்ளையார் சுழியோடு.

இருபது வருடமாக நீ என்னிடம் கேட்காத ஒன்று இருக்கிறது. அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றி. நீ கேட்காததால் நான் சொல்லவில்லை. நீ கேட்டிருந்தால் அதிலும் பொய்தான் சொல்லியிருப்பேன். இப்போது சொல்கிறேன்.

அப்பா சாப்பிடவில்லை. கடைசிக் கிழமையில் கஞ்சித்தண்ணிகூட இறங்கவில்லை, கரண்டியை வாயில் வைத்தால் முகத்தைத் திருப்பிவிடுவார். பேச்சும் குறைந்துவிட்டது. ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். “தம்பி சாப்பிட்டவனோ?” நீ அப்போது யாரோ ஒருவருடைய அறையில் நிலத்தில் படுத்துக்கொண்டு, வேலை இல்லாமல், பாணும் தண்ணியும் என்று இருந்தாய். நீ சொல்லவில்லை, எனக்கு வேறு ஆட்கள் சொன்னார்கள். நான் அப்பாவின் காதுக்குள் சொன்னேன், “ஓம் அப்பா, நல்லாச் சாப்பிடுறான்.” அதைக் கேட்டுவிட்டுக் கண்ணை மூடுவார். கொஞ்சநேரத்தில் மறுபடி கேட்பார். நானும் மறுபடி சொல்வேன்.

அதற்குப் பிறகு நீ போன் எடுத்து அப்பா எங்கே என்று கேட்டபோது, வாயில் அதே வசனம்தான் வந்தது. அப்பாவை உனக்குச் சாப்பிட வைத்தேன், உன்னை அப்பாவுக்குச் சாப்பிட வைத்தேன். இரண்டு பேரும் பட்டினி.

இனி என்னிடம் யாரும் நல்லாச் சாப்பிடுறார் என்று சொல்ல வேண்டாம். மற்றவர்கள் சொல்லி நான் நம்புவதாகவும் இல்லை. கல்யாணத்தன்று நீ வந்து நிற்க முடியாது, அது எனக்குத் தெரியும். உன் படத்தைக் கொண்டுவந்து வைப்போமா என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டார்கள். படம் வேண்டாம், ஒரு நாற்காலி போடுங்கள், அவன் இருக்கிறான் என்றேன். பூசை முடிந்ததும் போன் எடுப்பேன். அக்கா என்று எப்படி வருகிறதோ அப்படியே சொல்லு. வைக்காதே.

அதற்கு முன் எனக்கு ஒரு வரி எழுது. சாப்பிட்டாயா? உள்ளதை உள்ளபடி எழுது.

அக்கா

---

பாரிஸ்
மே

யே ம சூ

அக்கா

உங்கள் கடிதத்தை யசோதாதான் வாசித்துக் காட்டினா. பாதியில் நிறுத்திவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா. மிச்சத்தை நானே வாசித்தேன்.

இன்று குசினிக்குப் போகவில்லை. முன்னால் என் தகட்டுக்குக் கீழே உள்ள மேசையில் இருந்தேன். மத்தியான நேரம், கடை நிறைய நம் சனம். சோறும் விளைமீன் குழம்பும். ஊட்ட வந்த யசோதாவைக் கையைக் காட்டி மறித்தேன்.

சாப்பிட்டேன் அக்கா. இடது கையால். எல்லாரும் பார்த்தார்கள். பாதி சட்டையில்.

றெமி